காலராக் கொட்டகைக்கு ஆள் வேண்டும்

சுப்பராயலு சிதம்பரம் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியபோது அவருக்கு நாற்பது வயது கடந்திருந்தது. அதுவரை அந்த ஊரை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் சென்னையில் அகதி முகாம் அதிகாரிகள் அதைத்தான் அவருடைய சொந்த ஊர்ப் பக்கம் என்று சொல்லி ரயில் ஏற்றிவிட்டார்கள். புவனகிரியிலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறியவர் அவருடைய அப்பா. சுப்பராயலு பிறந்தது, வளர்ந்தது, லோகநாயகியைக் கட்டிக்கொண்டது எல்லாம் பர்மாவில், பசீன் ஆற்றங்கரையில் ஒரு பெரிய அரிசி மில்லை ஒட்டி இருந்த லைன் வீடுகளில். மீசை முளைக்காத வயதில் அந்த மில்லுக்கு உமி அள்ளப் போனவர், எண்ணெய் போடுகிறவனாகி, பிறகு ஃபயர்மேனாகி, கடைசியில் இஞ்சின் டிரைவர் ஆனார். மில்லின் சங்கு ஊதுவது அவர் கையில்தான் இருந்தது. அந்தச் சங்கைக் கேட்டுத்தான் ஊரே அடுப்பு மூட்டும்.

ஒருநாள் மில்லைப் பட்டாளத்து அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இந்தியர்களுக்கு இனி இடமில்லை என்றார்கள். கப்பல் ஏறுகிற இடத்தில் லோகநாயகியின் கழுத்திலும் காதிலும் இருந்ததை வாங்கி வைத்துக்கொண்டு மஞ்சள் கயிற்றை மட்டும் விட்டார்கள். அங்கே இருந்தவரைக்கும் அவரை இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே வந்த முதல் நாளே பர்மாக்காரன் என்றார்கள்.

முதலில் புவனகிரிக்குத்தான் போனார். அங்கே அவருடைய சித்தப்பா மகன் கோவிந்தசாமி இருந்தார். வெள்ளாற்றங்கரையில் கொஞ்சம் நிலம், இரண்டு மாடு. வாசலில் மனைவியோடும் மகளோடும் தகரப் பெட்டியோடும் வந்து நின்ற ஆளைப் பார்த்ததும் கோவிந்தசாமியின் முகம் கறுத்தது. பங்கு கேட்க வந்துவிட்டான் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது.

"பெரியப்பா போவும்போதே அவரு பாகத்த எங்க அப்பாருக்கு எழுதிக் குடுத்துட்டுத்தான் போனாரு" என்றார், யாரும் ஒன்றும் கேட்பதற்கு முன்பே.

"நான் நெலம் கேக்க வரல தம்பி. ஒரு வேல பாத்துக்கற வரைக்கும் தங்கிக்கலாமான்னு..."

சோறு போட்டார்கள். மறுநாள் காலையில் கோவிந்தசாமியே பஸ்ஸுக்குக் கூட்டிவந்து, "சிதம்பரத்துல மில்லு ஜாஸ்தி, அங்க போனா வேல கெடைக்கும்" என்று ஏற்றிவிட்டார்.

சிதம்பரத்தில் ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம், வாய்க்கால் கரையில், பர்மாவிலிருந்து வந்த சில குடும்பங்கள் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் அதற்கு பர்மா லைன் என்று பெயர் வைத்திருந்தார்கள். சுப்பராயலுவும் அங்கே ஒரு குடிசை போட்டார். லோகநாயகி அரிசி மாவில் புட்டு அவித்து, ரயிலடிக்குப் பக்கத்தில் புளியமரத்தடியில் உட்கார்ந்து விற்க ஆரம்பித்தாள். மகள் ராணியம்மாள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள்.

சுப்பராயலுவுக்கு வேலை கிடைத்தது காட்டுமன்னார்கோயில் சாலையில் இருந்த நடனசபாபதியின் அரிசி மில்லில். ஆனால் இஞ்சின் வேலை இல்லை, மூட்டை தூக்குகிற வேலை. இஞ்சினுக்கு ஏற்கெனவே கலியபெருமாள் என்று ஓர் ஆள் இருந்தார். உள்ளூர்க்காரர். குழந்தைகள் நிறைய.

அந்த வருஷம் மழை பொய்த்து நெல்வரத்து குறைந்திருந்தது. வெளியூருக்கு நெல் போகக் கூடாது என்று கட்டுப்பாடு வேறு. மில் வாரத்தில் பாதி நாள் ஓடினால் அதிகம். மீதி நாள் களத்தில் காக்கைதான் மேய்ந்தது. கூலியைக் குறைக்க வழி தேடிக்கொண்டிருந்த நடனசபாபதி, சுப்பராயலு பர்மாவில் டிரைவராக இருந்தவர் என்று தெரிந்ததும் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டார்.

"கலியபெருமாளுக்குக் குடுக்கறதுல முக்காவாசி குடுக்கறேன். இஞ்சின நீ பாத்துக்கிறியா?"

சுப்பராயலுவின் கை அவரை அறியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே கலியபெருமாள் களத்தில் வழிமறித்தார்.

"ஏன்யா, கப்பல்ல வந்தீங்க, சரி. வந்து எறங்கறதுக்கு எங்க வயிறுதானா கெடச்சிது?"

"நான் போயிக் கேக்கல. அவராத்தான் கேட்டாரு."

"அவரு கேட்டாரு. நீ இன்னா சொன்ன?"

சுப்பராயலு மறுநாள் முதலாளியிடம் போய், "கலியபெருமாளு இருக்கச்ச நான் இஞ்சின்ல கை வைக்க மாட்டேங்க" என்று சொல்லிவிட்டார். நடனசபாபதி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப மூட்டையே தூக்கு" என்றார்.

லோகநாயகி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "பெரிய தருமப்பிரபு" என்று மட்டும் சொன்னாள். கலியபெருமாளோ அன்றிலிருந்து அவரை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தார். தீபாவளிக்கு வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டார். கலியபெருமாளின் மனைவி வேலம்மாள் லோகநாயகிக்குப் பழைய புடவை ஒன்று கொடுத்தாள். சொந்தத் தம்பி செய்யாததை இந்த ஆள் செய்கிறாரே என்று சுப்பராயலு நெகிழ்ந்துபோனார்.

அடுத்த ஐப்பசியில், போன வருஷம் பெய்யாததையும் சேர்த்து வானம் கொட்டியது. கொள்ளிடம் கரைமீறியது. தெருவுக்கும் சாக்கடைக்கும் கிணற்றுக்கும் வித்தியாசம் இல்லாமல் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்த வாரத்தில் வாந்திபேதி தொடங்கியது. முதலில் விழுந்தது ஒரு நெல் தரகர் வீட்டில், ஓட்டுவீடு, சொந்தக் கிணறு. அது ஊருக்கே தெரியும். ஆனாலும் மூன்றாவது சாவுக்குள், நோய் பர்மா லைனிலிருந்துதான் வந்தது என்று பேச்சாகிவிட்டது. கப்பலில் கொண்டுவந்தார்களாம். கப்பல் வந்து எத்தனை காலமாயிற்று என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

முதலில் போனது லோகநாயகியின் பிழைப்பு. திறந்து வைத்து விற்கிற தின்பண்டம் எதுவும் கூடாது, மீன் கூடாது, நறுக்கிய பழம் கூடாது என்று தமுக்கு அடித்தார்கள். தமுக்குச் சத்தம் கேட்காதவள்போல அவள் மறுநாளும் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். வாளியோடு வந்த ஆள் ஒன்றும் பேசாமல் புட்டின் மேல் ஃபினாயிலை ஊற்றினான். அவளுக்கு அந்தப்பக்கம், கடலோரத்துக் கிள்ளையிலிருந்து கூடை சுமந்து நடந்துவந்த மீன்காரி குப்பு உட்கார்ந்திருந்தாள். அவள் கூடையும் சாக்கடையில் கவிழ்ந்தது.

"கடலுக்குள்ள கெடந்த மீனுக்கு ஏதுய்யா வாந்திபேதி?" என்று குப்பு கத்தினாள். வாளிக்காரன் அடுத்த ஆளிடம் போய்விட்டான். குப்பு திரும்பி லோகநாயகியைப் பார்த்தாள். தினமும் அவளிடம் புட்டு வாங்கித் தின்றவள்தான். "ஒங்களாலதான்டி எல்லாம். வந்தீங்க, எங்க பொழப்புலயும் மண்ணு உழுந்திச்சு" என்று காறித் துப்பினாள். லோகநாயகி பாத்திரத்தைக் கழுவக்கூடத் தண்ணீர் இல்லாமல் அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அடுத்து மில். நெல் அவிக்க வருகிற பெண்களின் தெருவில் நோய் புகுந்ததும் அவர்கள் வரவில்லை. நடனசபாபதி மில்லைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு மைத்துனர் ஊருக்குப் போய்விட்டார். சுப்பராயலுவுக்கும் வேலை இல்லை, கலியபெருமாளுக்கும் வேலை இல்லை. பர்மா லைன் ஆட்களை விறகு பிளக்கக்கூட யாரும் கூப்பிடவில்லை. மளிகைக் கடையில் எட்ட நின்று கேள் என்றார்கள்.

மார்கழி பிறந்தால் ஆருத்ரா தரிசனத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும். அதற்குள் நோயை அடக்கவேண்டும் என்று புவனகிரி சாலையில் வயல் ஓரமாக மூங்கிலும் கீற்றும் வைத்து நோயாளிகளுக்குத் தனிக் கொட்டகை போட்டார்கள். நோயாளிகளை வண்டியில் ஏற்றிவருவது, சுத்தம் செய்வது, செத்தவர்களைக் கொண்டுபோய்ப் புதைப்பது, இதற்கெல்லாம் ஆள் பிடித்துத்தர ராமாமிர்தம் என்ற கான்ட்ராக்டர் பொறுப்பெடுத்தார். ஊரைப் பெருக்குகிற ஆட்களை அவர்தான் வைத்திருந்தார். அவர்களில் இரண்டு பேர் ஏற்கெனவே இந்த வேலையில் செத்திருந்தார்கள். மீதிப்பேர் அந்தோணிசாமி என்பவர் தலைமையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். முதலில் எங்களுக்கும் குடும்பத்துக்கும் ஊசி போடுங்கள், காலுக்கு பூட்ஸ் கொடுங்கள், செத்தால் பெண்டாட்டி பிள்ளைக்கு என்ன என்று சொல்லுங்கள், பிறகு வருகிறோம் என்றார்கள்.

ராமாமிர்தம் அவர்களோடு பேசிக்கொண்டிருக்கவில்லை. நேராக பர்மா லைனுக்கு வண்டியை விட்டார்.

"இங்க இஞ்சின் டிரைவர் யாரு?" என்று கேட்டார். கலியபெருமாள் அவருக்குத் தூரத்துச் சொந்தம். சொல்லியிருப்பார். சுப்பராயலு முன்னால் வந்தார்.

"கடலூர் ஓ.டி.யில எம்மச்சினன் ஐஸ் ஃபாக்டரி கட்டறான். தை மாசம் மிஷின் ஓடணும். நம்பகமான டிரைவர் கேட்டான். நீ கொட்டகைக்கு ஆள் சேத்துக்கிட்டு வா, நோய் அடங்கனதும் அந்த வேல ஒனக்குத்தான். எம்பேச்சு."

பேச்சு அவ்வளவுதான். லோகநாயகி குடிசைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்ததும் சொன்னாள்: "இஞ்சின்னு ஒரு வார்த்த சொன்னா போதும், நீ சுடுகாட்டுக்குக் கூட போவ."

"வூட்டுல அரிசி இருக்குதா?" என்று சுப்பராயலு கேட்டார்.

அவள் காலிப் பானையைக் கவிழ்த்து வைத்தாள்.

சுப்பராயலுவும் பக்கத்துக் குடிசை சாமிக்கண்ணுவும் இன்னும் சிலரும் கிளம்பினார்கள். சாமிக்கண்ணு ரங்கூனில் துணிக்கடையில் அளந்து கிழித்துக்கொடுத்தவர், மெலிந்த உடம்பு. ரயில்வே கேட்டில் அந்தோணிசாமியும் அவருடைய ஆட்களும் நின்றிருந்தார்கள். சண்டைக்கு நிற்கிறார்கள் என்றுதான் போனவர்கள் நினைத்தார்கள். அந்தோணிசாமி கைகூப்பினார்.

"அண்ணே, ஒரு ரெண்டு நாள் பொறுத்துக்குங்க. ரெண்டே நாளு. ஆளு கெடைக்கலன்னா அவுங்க எறங்கி வந்துதான் ஆவணும். ஒங்களுக்கும் சேத்துத்தான் கேக்கறோம்."

"ரெண்டு நாளைக்கு நீ சோறு போடுவியா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். சுப்பராயலு தலையைக் குனிந்துகொண்டு கேட்டைத் தாண்டினார்.

கொட்டகைக்குள் போன முதல் நாள் அவர் வாந்தி எடுத்தார். நோய் வந்துவிட்டது என்று எல்லாரும் விலகினார்கள். நோய் இல்லை, நாற்றம்தான். ஓட்டை போட்ட கயிற்றுக் கட்டில்கள், அடியில் வாளிகள், கண் குழிவிழுந்து விரல் சுருங்கிய மனிதர்கள். தண்ணீர் தண்ணீர் என்று கேட்கிற குரல் நாள் முழுக்க ஓயாது. ஒரு டாக்டரும் இரண்டு நர்ஸும் சலைன் பாட்டிலோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். வாளி எடுப்பது, சுண்ணாம்பு கொட்டுவது, துணியைக் கொளுத்துவது சுப்பராயலுவின் வேலை. வண்டியோடு தெருவுக்குப் போனால் கதவுகள் சாத்திக்கொள்ளும். பெற்ற பிள்ளையே தகப்பனைத் தொடாமல், "உள்ளாற கெடக்கறாரு, எடுத்துக்குங்க" என்று திண்ணைக்கு வெளியே நின்று கை காட்டிய வீடுகள் உண்டு. அந்த நேரத்தில் யாரும் அவரைப் பர்மாக்காரன் என்று சொல்லவில்லை. ஐயா என்றார்கள்.

ஒருநாள் கலியபெருமாள் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். வேலம்மாள் விழுந்துவிட்டாள்.

"மச்சான், கொட்டகைக்குக் கொண்டாந்தா திரும்பி வரமாட்டாங்கன்னு சொல்றாங்களே. நீ இருக்கிறதால கேக்கறேன். ஒன் கையில புடிச்சிக் குடுக்கறேன் அவள."

சுப்பராயலு வண்டிக்குக்கூடக் காத்திருக்கவில்லை. கலியபெருமாள் வீட்டுக்குப் போய் வேலம்மாளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். மற்ற வேலைகளுக்கு நடுவே அவளுக்குக் கஞ்சித்தண்ணீர் புகட்டினார், அழுக்கை எடுத்தார், நர்ஸைக் கையோடு கூட்டிவந்து பாட்டிலை மாற்றச் சொன்னார். கலியபெருமாள் கொட்டகைக்கு எதிரே சாலையில் குந்திக்கொண்டிருந்தார், உள்ளே வரவில்லை. வேலம்மாள் பிழைத்துவிட்டாள். அவளை வீட்டுக்கு அனுப்பிய அன்று கலியபெருமாள் சுப்பராயலுவின் இரண்டு கைகளையும் பிடிக்க வந்தார், பிடிக்காமல் கும்பிட்டார்.

சாமிக்கண்ணு பிழைக்கவில்லை. காலையில் வாளி எடுத்தவர் சாயங்காலம் அதே கொட்டகையில் கட்டிலில் கிடந்தார். மறுநாள் அவரைப் புதைத்த குழியை சுப்பராயலுதான் வெட்டினார். சாமிக்கண்ணுவின் மனைவி ராசம்மாளை அழைத்துக்கொண்டு ராமாமிர்தத்தின் வீட்டுக்குப் போனார். கான்ட்ராக்டர் மாடி ஜன்னலிலிருந்தே பேசினார்.

"அவனுக்கு ஏதாச்சும் பாத்துச் செய்யணுங்க. புள்ளைங்கள வச்சிருக்குது இந்தம்மா" என்றார் சுப்பராயலு.

"கை கழுவாம தின்னிருப்பான். அதுக்கு நான் இன்னா பண்றது? அதெல்லாம் வேலைக்கு வரும்போதே பேசியிருக்கணும்."

பேசினார்களே, அந்தோணிசாமி பேசினாரே என்று சுப்பராயலுவுக்கு நெஞ்சுவரை வந்தது. வாய்க்கு வரவில்லை. தை மாதமும் ஐஸ் ஃபாக்டரியும் நினைவுக்கு வந்தன. ராசம்மாளைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்.

ஆருத்ரா தரிசனம் நடந்தது. ரயிலடியில் வரிசையாக நிறுத்தி ஊசி போட்டுத்தான் ஜனங்களை ஊருக்குள் விட்டார்கள். பொங்கல் கழிந்ததும் நோய் அடங்கியது. கொட்டகையைப் பிரித்துக் கொளுத்தினார்கள். அந்தோணிசாமியின் ஆட்கள் பட்டினி தாங்காமல் பழைய கூலிக்கே விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஊசியும் இல்லை, பூட்ஸும் இல்லை. தெருவில் சுப்பராயலுவைப் பார்த்தால் அவர்கள் பெருக்குவதை நிறுத்திவிட்டு அவர் போகிறவரை நிற்பார்கள். அது மரியாதை இல்லை.

தை பாதியானது. ராமாமிர்தத்தின் வீட்டுக்கு நடையாக நடந்தும் அவர் வீட்டில் இல்லை என்ற பதில்தான். ஒருநாள் சாயங்காலம் கலியபெருமாள் பர்மா லைனுக்கு வந்தார். குடிசைக்குள் வராமல் வாய்க்கால் கரையில் நின்றுகொண்டு கூப்பிட்டார். புதுச் சட்டை போட்டிருந்தார்.

"மச்சான், நானே வந்து சொல்லிட்டுப் போவணும்னு தோணிச்சு. ஐஸ் ஃபாக்டரிக்கு என்ன வரச்சொல்லிட்டாங்க. நாளைக்குக் கடலூர் போறேன்."

சுப்பராயலு அவர் முகத்தையே பார்த்தார்.

"நான் போயிக் கேக்கல. அவராத்தான் கூப்ட்டாரு" என்றார் கலியபெருமாள். "ஐஸ்ஸு வாயில போடற சாமானாம். காலராப் பொணம் தூக்கனவன் கை பட்டா வாங்க மாட்டாங்களாம். நான் சொல்லல, அவுங்க சொல்றாங்க. மில்லு எப்ப தெறக்கும்னு தெரியல. எனக்கும் புள்ளைங்க இருக்குது. நான் இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு."

"ஒம் பொண்டாட்டியத் தூக்கனதும் இந்தக் கைதான்யா" என்று உள்ளேயிருந்து லோகநாயகி கத்தினாள்.

கலியபெருமாளின் கண் கலங்கியது. அது பொய்யில்லை என்பது சுப்பராயலுவுக்குத் தெரிந்தது, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "வேலம்மாளு எப்படி இருக்குது?" என்று கேட்டார். "தேவல" என்றார் கலியபெருமாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

மாசியில் மில் திறந்தது. இஞ்சினுக்கு ஆள் இல்லை. நடனசபாபதி முன்பு சொன்ன அந்த முக்கால் கூலிக்கு, ஏன், அரைக் கூலிக்குக்கூட வருகிறேன் என்று சொல்லத்தான் சுப்பராயலு போனார். முதலாளி களத்தின் அந்தக் கோடியிலேயே நிற்கச் சொன்னார்.

"நல்ல மனுசன்தான் நீ. ஊருக்கே செஞ்ச. நான் இல்லங்கல. ஆனா சனங்க நெல்லு கொண்டார மாட்டாங்களே. போன வாரமே ஒரு பொம்பள கேக்குது, அந்தக் கொட்டகை ஆள் இங்க இருக்கறானான்னு."

"நான் இஞ்சின் ரூம்லதான இருப்பேன். அரிசியத் தொடக்கூட மாட்டேங்க."

"எனக்குத் தெரியுது. அவுங்களுக்குச் சொல்ல முடியுமா?"

மூட்டை வேலையும் இல்லை என்றாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ராணியம்மாள் உட்கார்ந்த பலகையில் மற்றப் பெண்கள் உட்கார மறுத்தார்கள். அவள் போவதை நிறுத்திக்கொண்டாள். அந்த வாரத்தில்தான் கோவிந்தசாமி புவனகிரியிலிருந்து வந்தார். தாங்கள் சிதம்பரம் வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் எட்டிப் பார்க்காத தம்பி வந்திருக்கிறாரே என்று சுப்பராயலு பாய் எடுத்துப் போட்டார். கோவிந்தசாமி உட்காரவில்லை.

"எம் பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கறோம். நீங்க இன்னா வேல பாத்தீங்கன்னு அங்க வரைக்கும் தெரிஞ்சி போச்சு. யாராச்சும் கேட்டா நாங்க சொந்தம்னு சொல்லாதீங்க. அத சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்."

சுப்பராயலு பாயைச் சுருட்டி வைத்தார். "சொல்லல" என்றார்.

அந்தப் பங்குனியில் அவர்கள் கடலூருக்குப் போனார்கள். ராசம்மாளும் பிள்ளைகளும் கூட வந்தார்கள். அவர்களை விட்டுவிட்டுப் போக சுப்பராயலுவுக்கு மனம் வரவில்லை. ராசம்மாள் அதற்காக நன்றி சொன்னதும் இல்லை, கோபப்பட்டதும் இல்லை. ஓ.டி. என்கிற பழைய டவுனில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், பெண்கள் இருவரும் ஒரு மல்லாட்டைக் கிடங்கில் வேர்க்கடலை உடைக்கப் போனார்கள். சுப்பராயலு மூட்டை தூக்கினார். கேட்டவர்களிடம் புவனகிரிப் பக்கம் என்று சொன்னார். பர்மாவைச் சொல்லவில்லை. கொட்டகையைச் சொல்லவே இல்லை. கப்பலுக்குச் சரக்கு ஏற்றுகிற தோணிகளில் வேலை இல்லாத நாட்களில் மீனவக் குப்பங்களின் ஆட்களும் மூட்டைக்கு வந்து நிற்பார்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் இரண்டு தோள்கள் முந்தும். வெளியூர்க்காரன் என்று அவரைப் பின்னால் தள்ளுவார்கள். அவர் தள்ளியவனைத் திரும்பித் தள்ளவும் கற்றுக்கொண்டார்.

ஐஸ் ஃபாக்டரி உப்பனாற்றை ஒட்டி இருந்தது. அதன் இஞ்சின் சத்தம் துறைமுகம் வரைக்கும் கேட்கும். கலியபெருமாள் இரண்டொரு முறை எதிரே வந்தார். முதல்முறை பேச நின்றார். சுப்பராயலு தலையில் மூட்டையோடு தாண்டிப் போய்விட்டார். இரண்டாம்முறை கலியபெருமாளும் நிற்கவில்லை. வேலம்மாள் மட்டும் ஒருநாள் கிடங்குக்குத் தேடிவந்து லோகநாயகியிடம் ஒரு படி அரிசியைக் கொடுத்துவிட்டு, அழுதுகொண்டே போனாள். லோகநாயகி அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. பொங்கித் தின்றார்கள்.

அதற்கு அடுத்த வருஷம் மழைக்குப் பிறகு கடலூர்ப் பக்கமும் வாந்திபேதி வந்தது. மீன் கூடாது என்றார்கள். ஐஸ் விற்கக் கூடாது என்றார்கள். ஃபாக்டரியைப் பூட்டினார்கள். கலியபெருமாளும் வேலையிழந்து, குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டப் போனதாகப் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டபோது சுப்பராயலுவுக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. பிறகு வேலம்மாள் கொண்டுவந்து கொடுத்த படி அரிசி நினைவுக்கு வந்தது.

கொட்டகைக்கு ஆள் வேண்டும் என்று துறைமுகத்துக்கு ஒருவன் வந்தான். வேறு ஊர், வேறு கான்ட்ராக்டர். மூட்டைக்காரர்கள் யாரும் அசையவில்லை. சுப்பராயலு மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அப்போது கூட்டத்திலிருந்து ஒருவன் கையைத் தூக்கினான். புதிதாக வந்த அகதி, பர்மாவில் மோல்மேன் ஊரில் சலூன் வைத்திருந்தவனாம். நல்ல வாலிபம்.

சாப்பாட்டு வேளையில் சுப்பராயலு அவனைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னார். "போறதுன்னா போ. ஆனா சும்மா போவாத. முன்னாடியே ஊசி கேளு. வூட்டுல இருக்கறவங்களுக்கும் கேளு. நீ செத்தா பொண்டாட்டிக்கு இன்னா குடுப்பீங்கன்னு கேளு. அப்பறம் வேல தரேன் அப்பறம் வேல தரேன்னு சொன்னா நம்பாத."

அவன் கவனமாகக் கேட்டான். "அண்ணே, இதெல்லாம் கேட்டா என்ன விட்டுட்டு வேற ஆள எடுத்துப்பாங்களே" என்றான்.

ரயில்வே கேட்டில் கைகூப்பி நின்றவர்களைப் பற்றி அவனிடம் சொல்லலாமா என்று யோசித்தார். சொன்னால் தான் அவர்களைத் தாண்டிப் போனதையும் சொல்லவேண்டி வரும்.

"சோறு போடறாங்களாண்ணே அங்க?"

"போடுவாங்க."

"அப்ப போறேண்ணே."

வண்டி வந்து அவனையும் இன்னும் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. தோணி வந்துவிட்டது என்று மேஸ்திரி விசில் ஊதினான். கூட்டம் முண்டியது. சுப்பராயலு குனிந்து, தனக்கு முன்னால் கை நீட்டிய குப்பத்து ஆளைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.